தன்ராஜ் மட்டும் வந்து இறங்கினார்

வேனின் பின்கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது ஒரு ஜமுக்காளம். அதைச் சுற்றி டிரம் செட், ஸ்பீக்கர் பெட்டிகள், ஒயர்ச் சுருள்கள். ஜமுக்காளம் மெல்ல அசைந்தது. உள்ளேயிருந்து ஓர் ஆள் எழுந்து உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தார். ஜமுக்காளத்தின் கோடுகள் கன்னத்தில் அப்படியே பதிந்திருந்தன.

நான் கையில் ரோஜா மாலையோடு நின்றிருந்தேன். பக்கத்தில் மாணவர் சங்கச் சேர்மன் ஏழுமலை அண்ணன். பரபரப்பில் சந்தனக் கிண்ணத்தைச் சாய்த்துச் சாய்த்து, பாதிச் சந்தனத்தைத் தன் வேட்டிக்கே பூசிவிட்டிருந்தார்.

“விழுப்புரமா?” என்றார் ஜமுக்காளத்து ஆள்.

“ஆமாங்க. மத்தவங்கள்லாம் எங்க?” என்றேன்.

அவர் வேனுக்குள் இப்படியும் அப்படியும் பார்த்தார். ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தார்.

“அதான் எனக்கும் தெர்ல,” என்றார்.

மெட்ராஸ் லைட் மியூசிக் பார்ட்டி முழுசாக வர வேண்டிய இடத்தில் ஒரே ஓர் ஆள். உள்ளே அரங்கத்தில் மொத்தக் கல்லூரியும் உட்கார்ந்திருக்கிறது. நான் பதறியிருக்க வேண்டும். பதறவில்லை என்றால் நம்புவீர்களா? சந்தோஷத்தில் காது மடல் சூடாகிவிட்டது. இந்தப் பார்ட்டியைத்தான் கூப்பிட வேண்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றதே அந்த ஒருவருக்காகத்தான்.

கயிற்றுக்கு இந்தப் பக்கம்

இதைச் சொல்ல நான் திண்டிவனம் போயாக வேண்டும். ‘உங்கள் கட்டுரை எடுத்த விஷயத்தை விட்டு அடிக்கடி எங்கேயோ போய்விடுகிறதே’ என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். போகத்தான் செய்யும் ஐயா. நான் பேசினாலும் அப்படித்தான், என் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் ஊர் திண்டிவனம். அப்பாவுக்கு மல்லாட்டை மண்டியில் வேலை; மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. தெருவுக்குள் நுழையும்போதே அவர் சட்டையில் பச்சை மல்லாட்டை வாசனை வரும். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவில் வருஷா வருஷம் இந்தப் பார்ட்டியின் பாட்டுக் கச்சேரி நடக்கும். மேடைக்கு முன்னால் கயிறு கட்டிவிடுவார்கள். நடுவிலும் வலப்பக்கமும் ஆண்கள். பெண்களுக்கு இடது ஓரம், ஸ்பீக்கருக்கு நேர் அடியில்.

அந்த இடத்தை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் ஒரு நாளாவது அங்கே உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். அங்கிருந்து பாடகரின் ஒரு காதும் முதுகில் பாதியும்தான் தெரியும். பாடகி மொத்தமாகவே மறைந்துவிடுவார். எங்களுக்கு முழுசாக, முகத்துக்கு முகம் தெரிந்தவர் ஒருவரே. எஃபெக்ட்ஸ் வாசிப்பவர்.

பாட்டில் குதிரை வந்தால் இரண்டு கொட்டாங்குச்சியைத் தட்டுவார். மழை வந்தால் தகரத்தை உதறுவார். சலங்கை, கோயில் மணி, குயில், குழந்தை அழுகை எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு கச்சேரி முழுக்க அவருக்கு இருக்கும் வேலையைச் சேர்த்துக் கட்டினால் ஒரு வெற்றிலை போடும் நேரம் வரும். மிச்ச நேரமெல்லாம் காத்திருப்பார்.

காத்திருப்பதையே அவர் ஒரு கச்சேரியாகச் செய்தார், அதுதான் விஷயம். மணி அடிக்க வேண்டிய இடம் நெருங்க நெருங்கப் புருவம் மேலே ஏறும். தோள் உயரும். மூச்சை இழுத்துப் பிடிப்பார். எங்கள் வரிசையே சேர்ந்து மூச்சைப் பிடிக்கும். அப்புறம் ஒரு சின்ன ‘டிங்’. அடித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, ராஜ்ஜியத்தைப் பிடித்தவர் போல ஒரு பார்வை பார்ப்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

ஊரே பாடகரின் சுருள் முடிக்கு மயங்கிக் கிடந்தது. எனக்கு அந்த டிங் போதும். ஆனால் பெயர் தெரியாது. அறிவிப்பாளர் தபலாக்காரர், பாங்கோஸ்காரர், ஆர்மோனியக்காரர் என்று எல்லாருக்கும் பெயர் சொல்லிக் கைதட்டு வாங்கிக் கொடுப்பார். இவர் முறை வரும்போது ‘மற்றும் நமது கலைஞர்கள்’ என்று முடித்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பஸ் நிறுத்தத்தில் கேட்ட கல்லூரி விழா

விழுப்புரத்தில் கல்லூரி. தினமும் திண்டிவனத்திலிருந்து போய்வருவேன். எங்கள் கல்லூரியில் ஆண்டு விழா இரண்டு பாதியாக நடக்கும். அறிக்கை, பரிசு, தலைமையுரை, வாழ்த்துரை, இந்தக் கொட்டாவிகள் எல்லாம் எல்லாருக்கும். அது முடிந்து பாட்டுக் கச்சேரி தொடங்கும் முன்னால் பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நாங்கள் எதிரே பஸ் நிறுத்தத்தில் நின்று கேட்போம். பல்லவி வரும், பஸ் உறுமும், பல்லவி போய்விடும். ‘பயங்கரக் கூட்டம், ஏற முடியலை’ என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று, காலியாக வந்த பஸ்களை எல்லாம் விட்டிருக்கிறோம். கண்டக்டர்கள் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

அந்த வருஷம் நான் கலைச் செயலாளர். போட்டி போட ஆள் இல்லாததால் வந்த பதவி. வந்ததும் நேராக விலங்கியல் மேடத்தைக் கூட்டிக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் போனேன். மேடம் தவளையை அறுக்கும்போதுகூட முகத்தில் ஒரு சுருக்கம் காட்டாதவர். அவர் பக்கத்தில் நின்றால் எனக்குத் தைரியம் வரும்.

பெண்களையும் கச்சேரிக்கு இருக்கவிட வேண்டும் என்று கேட்டேன். பிரின்சிபால் சொன்னார்:

“சரி. பொண்ணுங்களும் இருக்கலாம். ஆனா ஒரு நிபந்தனை. அரங்கத்துல ஒரே ஒரு ஊளைச் சத்தம் கேட்டாலும், அந்த நிமிஷமே பொண்ணுங்க எழுந்து வெளிய போயிடணும். அப்புறம் நான் இங்க இருக்கிறவரைக்கும் இந்தப் பேச்சே கூடாது. பசங்க ஒழுங்கா இருப்பாங்கன்னு நீ பொறுப்பேத்துக்கிறியா?”

“ஏத்துக்கறேன் சார்,” என்றேன். கொழுப்புதான், வேறென்ன. எங்கள் கல்லூரிப் பையன்கள் இரங்கல் கூட்டத்திலேயே ஊளையிட்டவர்கள்.

விழா அன்று நாங்கள் இடப்பக்கம் உட்கார்ந்தோம். வரிசையின் முனையில் விலங்கியல் மேடம், கையில் குடை. ஊளை கேட்டால் குடை மேலே போகும், நாங்கள் எழுந்துவிட வேண்டும். அப்படித்தான் ஏற்பாடு.

பாண்டிக்கு ஒரு சுத்து

வேன் டிரைவர்தான் விஷயத்தைச் சொன்னார்.

“ரெண்டு வண்டியாத்தான் கெளம்பனோம். திண்டிவனத்துல டீ குடிக்க நிறுத்தனோம். பாண்டி தோ இருக்குது, ஜல்தியா போய்ட்டு அந்தப் பக்கமா விழுப்புரம் வந்துடலாம்னு முன்னாடி வண்டி கிளியனூர் ரோட்ல திரும்பிடுச்சு. நீ போய் செட்டு எறக்கிக்கினு இருன்னாங்க.”

எதற்குப் பாண்டி என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைகூடக் கேட்காது. பாண்டிச்சேரியில் சரக்கு விலை மலிவு. கல்யாணத்துக்குப் போகிறவர்கள், கருமாதிக்குப் போகிறவர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள், யாராக இருந்தாலும் திண்டிவனம் வந்ததும் ‘பாண்டி வழியா போனா என்னா?’ என்று ஒரு ஞானம் பிறக்கும். அப்படிப் போய்ப் பெண்ணையே பார்க்காமல் திரும்பிய மாப்பிள்ளை வீட்டாரை எனக்குத் தெரியும்.

ஜமுக்காளத்து ஆளுக்கு முகம் விழுந்துவிட்டது. “என்னை ஏன்யா எழுப்பல?” என்றார் டிரைவரிடம்.

“நல்லா தூங்கிக்கினு இருந்தியேண்ணே.”

“எழுப்பியிருந்தா நானும் போயிருப்பேன் இல்ல?”

அந்த நியாயமான வருத்தத்தைக் கேட்க எங்களுக்கு நேரமில்லை. ஏழுமலை அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். “செல்வி, பசங்க செருப்பத் தேய்க்க ஆரம்பிச்சிட்டானுங்க. செருப்பு ஆரம்பிச்சா அடுத்தது ஊளைதான். ரொம்ப பேஜாராப் போயிடும்.”

நான் ஜமுக்காளத்து ஆளிடம் திரும்பினேன். “நீங்க மேடை ஏறுங்க சார்.”

“நானா? நான் எஃபெக்ட்ஸும்மா. பாட்டு இருந்தாத்தான் எஃபெக்ட்ஸு.”

“பாட்டு வேணாம். குதிரை மட்டும் வந்தாலே போதும்.” பிறகு பஸ் நிறுத்தம், பிரின்சிபால், நிபந்தனை, குடை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினேன். உங்களை மூன்று வருஷமாகத் திண்டிவனத்தில் பார்க்கிறேன் என்பதையும் சொல்லிவிட்டேன்.

அவர் தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். “பொம்பளப் புள்ளைங்க எந்தப் பக்கம் உக்காந்துக்கினு இருக்காங்க?”

“இடது பக்கம்.”

“அப்ப சரி,” என்றார். பாக்கெட்டிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரினார். கழுத்தில் ஒரு சிவப்புக் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டார். “பேர் சொல்லிக் கூப்பிடுவியா?”

“கண்டிப்பா. பேரு?”

“தன்ராஜ். முன்னாடி ‘சத்தச் சக்கரவர்த்தி’ன்னு சேத்துக்க.”

“யாருங்க குடுத்த பட்டம்?”

“நீதான். இப்பதான் குடுத்த,” என்றார்.

மாலையை அவர் கழுத்திலேயே போட்டேன்.

சுருதி சேராத ஊளை

‘சத்தச் சக்கரவர்த்தி தன்ராஜ்’ என்று நான் மைக்கில் சொன்னபோது பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படி ஒருவரைத் தெரியாமல் இருக்கிறோமே என்ற வெட்கத்தில் நாலு பேர் கைகூடத் தட்டினார்கள்.

தன்ராஜ் மேசை மேல் தன் சாமான்களைப் பரப்பிக்கொண்டு, கொட்டாங்குச்சியை எடுத்தார். தூரத்தில் ஒரு குதிரை கிளம்பியது. அரங்கத்தின் பின்கதவு வழியாக வருவதுபோலவே வந்தது. மேடைக்கு வந்து நின்றது. தண்ணீர் குடித்தது. தும்மியது. அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு பிரின்சிபாலைப் பார்த்து, “ஜலதோஷம் சார்,” என்றார். அரங்கம் சிரித்தது.

அடுத்து எங்கள் ஊர் டவுன் பஸ். சாவியைத் திருப்பினால் இருமும், திரும்ப இருமும், பின்னால் ஆட்கள் தள்ளுவார்கள், கிளம்பும், கியர் விழாது. அந்த பஸ்ஸில் தினம் வருகிறவர்கள் பெஞ்சைத் தட்டினார்கள். குயில், நாய்ச் சண்டை, மோர் கடையும் சத்தம் என்று வரிசையாக வந்தது. நான் நகத்தைக் கடித்துக்கொண்டு பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேன் வருவதாக இல்லை.

மேடையில் கோழியும் முட்டையிட்ட பிறகு, கடைசி பெஞ்சுக்குப் பொறுமை போய்விட்டது. “யோவ், பாட்டு எங்கய்யா?” என்று ஒரு குரல். உடனே இன்னொன்று, நீளமாக, தெளிவாக: “ஊஊஊ...”

விலங்கியல் மேடத்தின் குடை மேலே போனது. நாங்கள் எழுந்தோம். என் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அவ்வளவுதான், இனி பஸ் நிறுத்தம்தான் நமக்கு விதித்தது என்று நினைத்தேன்.

“உக்காருங்க மேடம்,” என்றார் தன்ராஜ் மைக்கில், ரொம்ப மரியாதையாக. “அது ஊளை இல்ல. டூரிங் கொட்டாய்ல ஃபிலிம் அறுந்தா வர்ற சத்தம். என்னோட அடுத்த அயிட்டம். தம்பி அவசரத்துல முன்னாடியே எடுத்துட்டாரு.”

சொல்லிக்கொண்டே புரொஜக்டரை ஓட்ட ஆரம்பித்துவிட்டார். டர்ரென்று படம் ஓடுகிறது. கதாநாயகி விசும்புகிறாள். வில்லன் சிரிக்கிறான். கத்திச் சண்டை உச்சத்தில் இருக்கும்போது சட்டென்று ஃபிலிம் அறுந்தது. அவர் இரண்டு கைகளையும் பையன்கள் பக்கம் வீசினார். மொத்த அரங்கமும் ஊளையிட்டது. கையை மூடினார். பொட்டுச் சத்தம் இல்லை.

“சுருதி சேரல. கடைசி பெஞ்சு கொஞ்சம் மேல போவுது. இன்னொரு தபா.”

மறுபடி படம், மறுபடி அறுப்பு, மறுபடி ஊளை. இது ஊளையா, கலை நிகழ்ச்சியா? தூக்கிய குடையோடு மேடம் பிரின்சிபாலைப் பார்த்தார். பிரின்சிபால், தீர்ப்புக் கேட்பதுபோலத் தலைமை விருந்தினரைப் பார்த்தார். தலைமை விருந்தினர் வாயைக் குவித்துக்கொண்டு அடுத்த அறுப்புக்குத் தயாராக இருந்தார். குடை மெல்ல இறங்கியது. நாங்களும் உட்கார்ந்தோம்.

எஞ்சின் மாற்றும் இடம்

இளையவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்போது மீட்டர் கேஜ் காலம். மெட்ராஸிலிருந்து வரும் ரயில்களுக்கு விழுப்புரம் வரைதான் கரண்ட் எஞ்சின். இங்கே அதைக் கழற்றிவிட்டு, தெற்கே போக வேறு எஞ்சின் மாட்டுவார்கள். கரி எஞ்சின் மாட்டும்போது எழும் சத்தத்தில்தான் விழுப்புரத்துக் குழந்தைகள் தூங்கினார்கள், விழித்தார்கள்.

“மெட்ராஸ்லேர்ந்து பாசஞ்சர் வருது,” என்றார் தன்ராஜ். “நான் தனி ஆளு. சக்கரத்துக்கு ஆள் வேணும். நீங்க செருப்பு நல்லாத் தேய்க்கிறீங்க, வெளியவே கேட்டேன். அதையே தாளத்துல தேயுங்க.”

செருப்புகள் தேய்ந்தன. ரயில் கிளம்பியது. திண்டிவனத்தில் நின்றபோது மல்லாட்டை விற்கும் குரலை அவர் கொடுத்தார். எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாம் கத்தினோம். மயிலம் வந்தபோது மயிலத்துப் பையன்கள் கத்தினார்கள். பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஆள் இருந்தது. விழுப்புரம் வந்ததும் கூரை அதிர்ந்தது.

கரண்ட் எஞ்சினைக் கழற்றினார். கரி எஞ்சின் பின்னோக்கி வந்து ‘டணார்’ என்று முட்டியது. ‘புஸ்ஸ்’ என்று ஆவி விட்டது. நிமிர்ந்தார்.

“இப்ப எஞ்சின் கூவணும். எனக்கு மூச்சு பத்தாது. சக்கரம் ஆம்பளைங்களுது. கூவறது...” என்று கையை நீட்டினார். இடது பக்கம்.

நாங்கள் உறைந்துவிட்டோம். ஊளைச் சத்தம் கேட்டால் பெண்கள் எழுந்து போக வேண்டும் என்று நிபந்தனை. இங்கே பெண்களையே ஊளையிடச் சொல்கிறார் மனிதர். அதுவும் மைக்கில். அதுவும் பிரின்சிபாலுக்கு முன்னால். தோழி மல்லிகா என் தொடையைக் கிள்ளினாள். செருப்புகள் தரையில் தயாராகக் காத்திருந்தன. தன்ராஜ் புருவத்தை ஏற்றி, தோளை உயர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. எழுந்து நின்றேன். “கூஊஊ...” என்றேன். குரல் பாதியில் உடைந்து சேவல் மாதிரி ஆனது. அடுத்த நொடி இடப்பக்கம் முழுவதும் எழுந்து கூவியது. வாழ்க்கையில் ஒரு நாளும் சத்தமாகப் பேசியிராத பெண்கள் கூவினார்கள். என் வலது காதில் ஒரு கனத்த கூவல் வந்து மோதியது. திரும்பிப் பார்த்தேன். விலங்கியல் மேடம். கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கூவிக்கொண்டிருந்தார்.

ரயில் நகர்ந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அதற்குப் பிறகு எனக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். எல்லாம் சந்தோஷம்தான். ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு இணை வைக்க என்னிடம் இன்னும் ஒன்றும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பின்கதவில் பாடகர் தெரிந்தார், பளபளச் சட்டையும் கலைந்த சுருள் முடியுமாக. பின்னால் மொத்தப் பார்ட்டியும் நின்றது. எல்லைச் செக்போஸ்டில் வண்டியை நிறுத்தி, வாங்கிய அத்தனையையும் இறக்கிக் கொட்டவைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அப்புறம் தெரிந்தது. அவர்கள் மேடைக்குப் போக வழி கேட்டார்கள். ஒரு பையன், செருப்புத் தேய்ப்பதை நிறுத்தாமலே சொன்னான்:

“இருங்கண்ணே, வண்டி போய்க்கினு இருக்குது இல்ல?”

விருத்தாசலம் வந்த பிறகுதான் வழி கிடைத்தது. கச்சேரி தொடங்கியது. தன்ராஜ் தன் மூலைக்குப் போய் உட்கார்ந்தார். முதல் பாட்டில் அவருடைய முதல் டிங் விழுந்ததும் அரங்கம் எழுந்து கைதட்டியது. தனக்குத்தான் என்று பாடகர் குனிந்து வணங்கினார். இரண்டாவது டிங்குக்கும் வணங்கினார். மூன்றாவது பாட்டுக்குள் அவருக்கே புரிந்துவிட்டது. மணி வரும் இடத்தில் பாட்டை நிறுத்தி, சிரித்துக்கொண்டே மூலைப் பக்கம் கையைக் காட்டினார். அறிவிப்பாளரும் அன்றைக்கு வேறு வழியில்லாமல் பெயரைச் சொன்னார். பட்டத்தோடு.

பெண்கள் கடைசிப் பாட்டுவரை இருந்தோம்.

பிரின்சிபால் அறை

மறுநாள் காலையிலேயே கூப்பிட்டுவிட்டார், மேடத்தையும் என்னையும். “நான் பேசிக்கறேன், நீ வாயத் திறக்காத,” என்று மேடம் வராந்தாவில் சொன்னார். உள்ளே போனதும் அவர் எனக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

பிரின்சிபால் நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார். “நேத்து அரங்கத்துல ஊளைச் சத்தம் கேட்டுதா?”

“கேட்டுது சார்,” என்றார் மேடம்.

“பொண்ணுங்க பக்கத்துல யார் மொதல்ல?”

“நான்தான் சார்,” என்றேன்.

“நிபந்தனை ஞாபகம் இருக்கா?”

“இருக்கு சார்.”

போச்சு, எனக்குப் பின்னால் வரப்போகும் அத்தனை பெண்களுக்கும் சேர்த்துக் கதவைச் சாத்திவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

“எங்க அப்பா இங்க லோகோ ஷெட்டுல, எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடற ஃபயர்மேனா இருந்தவரு. தெரியுமா?”

“தெரியாது சார்.”

“கரி எஞ்சின் கெளம்பறப்ப ரெண்டு தடவ கூவும். நீங்க ஒரு தடவதான் கூவுனீங்க,” என்றார். “அடுத்த வருஷம் ஒழுங்கா கூவுங்க. போங்க.”